கடையின் இலக்கும் ஊழியரின் பாதையும்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அனுபவம்

நிறுவனம் போய்ச்சேர நினைக்கும் இடம் ஒன்று. அங்கே வேலை செய்பவர் தன் வாழ்க்கையில் போய்ச்சேர நினைக்கும் இடம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பாதையில் கொண்டுவருவதுதான் ஊழியர் முகாமைத்துவம். யார் எந்த வேலையை எப்போது செய்வது என்ற ஒழுங்கைக் கட்டளையால் உண்டாக்கலாம். மனம் வைத்துச் செய்வதைக் கட்டளையால் பெறமுடியாது. கண்காணிக்கும் ஆள் பக்கத்துத் தெருவுக்குப் போனதும் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்: வாடிக்கையாளர் கேட்ட நிறம் தட்டில் இல்லாதபோது களஞ்சியத்துக்குப் போய்த் தேடிப் பார்க்கும் ஊழியர் இருக்கிறார், ‘முடிஞ்சுது’ என்று சொல்லி அனுப்பிவிடுபவரும் இருக்கிறார். இருவருக்கும் சம்பளம் ஒன்றாகவே இருக்கலாம்.

இந்த விடயத்தைப் படிக்கக் கொழும்பைவிட நல்ல இடம் இலங்கையில் இல்லை. நகரத்தின் வடக்கில் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை, தெற்கே காலி வீதியில் நீளும் வெள்ளவத்தை, இடையில் நகைக் கடைகள் நிறைந்த செட்டியார்தெருவும் மொத்த வியாபாரம் நடக்கும் புறக்கோட்டையும். தமிழர் முதலாளியாகவும் தொழிலாளியாகவும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எதிரெதிரே நின்று பழகிய தெருக்கள் இவை.

தொடக்கத்தில் பயம்தான் முகாமைத்துவமாக இருந்தது. துறைமுகத்தில் ஒப்பந்தக்காரர்களும் கங்காணிமாரும் ஆள் சேர்த்தார்கள், இன்று வந்தவருக்கு நாளை வேலை உண்டா என்பது அவர்கள் கையில் இருந்தது. 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொழும்பில் பொது வேலைநிறுத்தம், 1927இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1929இல் ட்ராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்று நகரம் அடுத்தடுத்து நின்றது. ட்ராம் வேலைநிறுத்தம் மருதானையில் துப்பாக்கிச் சூடுவரை போய் உயிர்களைக் காவுகொண்டது. அதே 1929இல் இலங்கை முதலாளிமார் சம்மேளனம் உருவானதும், முதலாளிகளும் தொழிற்சங்கமும் முதன்முதலாகக் கூட்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டதும் தற்செயல் அல்ல. பயத்தால் ஆள முடியாது என்று தெரிந்த பிறகுதான் பேச்சு தொடங்கியது.

வெள்ளவத்தையில் அந்தப் பேச்சு நடக்கவில்லை. அங்கே இருந்த நூற்பு நெசவு ஆலை அக்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய துணி ஆலை. இன்று ஹெவ்லொக் சிட்டி மாடிக் குடியிருப்புகள் எழுந்திருப்பது அந்த ஆலைக் காணியில்தான். 1933 பெப்ரவரியில் அங்கே சுமார் 1,400 தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலம். ஆலை நிர்வாகம் சம்பளத்தில் கைவைத்திருந்தது. தொழிலாளரில் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அவர்களிலும் மலையாளிகள் அதிகம். வாலிபர் முன்னணியைச் சேர்ந்த இளைஞர்கள் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார்கள், கொல்வின் ஆர். டி சில்வா அதன் தலைவரானார். பத்து ஆண்டுகளுக்கு முன் கொழும்புத் தொழிலாளரைத் திரட்டிய குணசிங்க இந்த முறை எதிர்ப்பக்கம் நின்றார். வேலைநிறுத்தக்காரரின் இடத்துக்குக் கருங்காலிகள் கொண்டுவரப்பட்டார்கள், ‘மலையாளி’ என்ற அடையாளம் தொழிலாளருக்கு எதிரான ஆயுதமானது. ஆலைத் தொழிலாளருக்காக நின்ற இந்த இளைஞர் வட்டத்திலிருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

அரசியல் வரலாற்றில் இந்த வேலைநிறுத்தத்துக்கு இடம் உண்டு. முகாமைத்துவ வரலாற்றிலும் அதே அளவு இடம் கொடுக்கவேண்டும். மந்த காலத்தில் வருமானம் விழும்போது நிர்வாகம் தொடக்கூடிய கணக்குகள் பல: வீணாகும் நூல், பழுதாகி நிற்கும் இயந்திரம், வேலை நேர ஒழுங்கு. சம்பளத்தை வெட்டுவதுதான் அவற்றுள் மிக இலகுவானது, மிகச் செலவானதும் அதுவே. தறியில் எங்கே நூல் வீணாகிறது என்பதை நிர்வாகத்தைவிடத் தறிகாரர் நன்றாக அறிவார். அவரிடம் கேட்டிருக்கலாம். சம்பளத்தை வெட்டியபின் அவர் வாயைத் திறப்பாரா? ஊழியரை இனத்தாலும் ஊராலும் பிரித்து வேலை வாங்கும் நிர்வாகம் ஒரு மாதத்தைக் கடக்கலாம். அதன்பின் ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் இடையே கூட ஒத்துழைப்பு மிஞ்சாது.

இதே காலத்தில் அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்ற சின்னக் கேள்வியில் தொடங்கி, தங்களைக் கவனிக்கிறார்கள், தங்கள் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற உணர்வு வேலையை எப்படி மாற்றுகிறது என்பதுவரை அவை போயின. அந்த முடிவுகளைப் பின்னாளில் பலர் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆனால் ஊழியர் குழுவாக வாழ்கிறவர், தனி இயந்திரம் அல்ல என்ற பார்வை நிலைத்துவிட்டது. 1959இல் பிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் இன்னும் பயனுள்ள ஒரு பிரிவைச் செய்தார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்தபோது, வேலையில் வெறுப்பை உண்டாக்குபவையும் விருப்பை உண்டாக்குபவையும் வேறுவேறு என்று கண்டார். சம்பளம், வேலை நிலைமை, மேலதிகாரியின் நடத்தை ஆகியவை மோசமாக இருந்தால் வெறுப்பு வரும், சரியாக இருந்தால் வெறுப்பு இல்லாமல் போகும், அவ்வளவுதான். விருப்பம் வருவது செய்து முடித்த நிறைவிலும் பாராட்டிலும் பொறுப்பிலும் வளர்ச்சியிலும்.

காலி வீதிப் புடவைக் கடை ஒன்றுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் முதலில் தெரிவது, வெறுப்பைத் தடுக்கும் அடித்தளம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, ஆண்டில் 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமய விடுமுறை, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு எல்லாம் அதில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்டவேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016இல் 10,000 ரூபாவாகச் சட்டமானது, பின்னர் 17,500 ஆகி, 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா.

இவை சட்டத்தில் இருப்பவை. காலை ஒன்பது மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும் கடையில் மேலதிக நேரக் கணக்கை எழுதாமல் விடுவதும், சேமலாப நிதியைக் கட்டாமல் ‘கையிலேயே கூட்டித் தாறன்’ என்பதும் சின்னக் கடைகளில் புதிய கதை அல்ல. முதலாளிக்கு அது மிச்சம் போலத் தெரியும். ஊழியருக்கு அது தெளிவான செய்தி: நீ இங்கே கணக்கில் இல்லாத ஆள். அந்தச் செய்தியைக் கேட்ட மனிதரிடம் ‘கடையை உன்ர கடை மாதிரிப் பார்’ என்று சொல்வதில் பயன் இல்லை. ஊக்குவிப்புப் பயிற்சிக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன் நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் சேமலாப நிதி இலக்கமும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறதா என்று பார்ப்பது மலிவானது, பலமடங்கு பயன் தருவது.

தங்குமிடமும் இந்த அடித்தளத்தில் சேரும். வெள்ளவத்தைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்வோரில் கணிசமானவர்கள் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்தோ வடக்கு கிழக்கிலிருந்தோ வந்தவர்கள். கடை மாடியிலோ பின் ஒழுங்கையிலோ ஒரு அறையில் பலர் தங்குவார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, காற்றாடி வேலை செய்கிறதா, மத்தியானச் சோறு எத்தனை மணிக்கு வருகிறது என்பவை முதலாளிக்கு அற்ப விடயங்கள். பகல் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு அவைதான் நிறுவனம்.

இதே தெருக்களில் பழைய தலைமுறையின் முறை ஒன்று இருந்தது. புங்குடுதீவு, வேலணை போன்ற தீவகக் கிராமங்களைச் சேர்ந்த வியாபாரிகள் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தினார்கள். வேலைக்குச் சொந்த ஊர்ப் பொடியன்களைக் கூட்டிவந்தார்கள். கோப்பை கழுவத் தொடங்குபவர் பரிமாறப் பழகி, கொள்முதலுக்குப் போய், ஒருநாள் கல்லாவில் இருப்பார். கெட்டிக்காரருக்கு முதலாளியே பங்கு கொடுத்தோ கைகொடுத்தோ இன்னொரு ஊரில் கடை போட உதவுவதும் உண்டு. வேலை நேரம் கொடுமையானது, சம்பளம் சொற்பம், சட்டம் பார்க்க ஆளில்லை. அந்தக் குறைகளை மறைத்துப் பழைய காலத்தைப் புகழ்வது நியாயம் ஆகாது. ஆனால் அந்த முறை வேலை செய்ததற்குக் காரணம் இருந்தது: பொடியனுக்குத் தன் பாதை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. நேற்று கோப்பை கழுவியவர் இன்று குருநாகலில் முதலாளியாக இருப்பதை அவர் பெயர் சொல்லிக் காட்ட முடியும்.

இன்று ‘தம்பி’, ‘அண்ணா’ என்ற அழைப்புகள் அப்படியே இருக்கின்றன. பாதை இல்லை. தலவாக்கலையிலிருந்து வந்த இளைஞர் ஐந்து ஆண்டு கழித்தும் அதே தட்டின் முன்னால் அதே சேலையை விரித்துக்கொண்டிருப்பார், கல்லாவில் முதலாளியின் மருமகன் இருப்பார். கொழும்புத் தமிழ்க் கடைகளின் ஊழியர் பிரச்சினைக்கு மையம் இதுதான், சம்பளத் தொகை இரண்டாவது. உறவு முறையில் அழைத்தால் உறவுக்குரிய எதிர்பார்ப்பும் கூடவே வரும். அதை நிறைவேற்றும் எண்ணம் இல்லாத இடத்தில் அந்த வார்த்தை, மேலதிக நேரத்தைக் காசில்லாமல் கேட்கும் வழியாகச் சுருங்கிவிடுகிறது.

1960களில் ஸ்டேசி ஆடம்ஸ் எழுதிய சமநீதிக் கோட்பாடு இதையே வேறு விதமாகச் சொல்கிறது. மனிதர் தான் போடுவதையும் பெறுவதையும் மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்பவர் போடுவதோடும் பெறுவதோடும் ஒப்பிடுகிறார். குறை தெரிந்தால் உழைப்பைக் குறைத்துத் தராசைச் சரிசெய்வார். குடும்ப வியாபாரத்தில் உறவினர் இருக்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. உறவினரும் கையொப்பம் இட்டு வேலைக்கு வரட்டும், அவருக்கும் பொறுப்பும் குறித்த சம்பளமும் இருக்கட்டும், அவர் விட்ட பிழைக்கு இன்னொருவரைத் திட்டாமல் இருக்கட்டும். உறவினர் அல்லாதவர் எட்டக்கூடிய இடம் ஒன்று கடையில் உண்மையாகவே இருக்கட்டும்: பிரிவுப் பொறுப்பாளர், கொள்முதல், கிளை முகாமையாளர். அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடலாம்.

இலக்கு வைப்பதில் நடக்கும் தவறு வேறு வகை. ‘இந்த மாதம் விற்பனையைக் கூட்டுங்கோ’ என்பது இலக்கு ஆகாது. எட்வின் லொக், கரி லேதம் இருவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இதை: குறிப்பான, சற்றுக் கடினமான, எட்டக்கூடிய இலக்கு, ‘முடிந்தளவு செய்’ என்ற சொல்லைவிட நல்ல பலன் தரும். லேதமின் ஆய்வு ஒன்று ஒக்லஹோமாவில் மரக்குற்றி ஏற்றும் லொறிகளில் நடந்தது. சாரதிகள் சட்டம் அனுமதிக்கும் எடையில் 60 சதவீதம் அளவே ஏற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். 94 சதவீதம் என்று ஒரு இலக்கத்தைச் சொன்னதும், மேலதிகக் காசு எதுவும் இல்லாமலே, சில மாதங்களில் ஏற்றும் அளவு 90 சதவீதத்தைத் தொட்டது. ஒவ்வொரு லொறியின் அளவும் அவர்களுக்கே தெரிந்தது, எட்டாவிட்டால் தண்டனை இல்லை என்றும் சொல்லப்பட்டது.

புடவைக் கடையில் இது போன்ற இலக்கங்கள் பல கிடைக்கும். சொன்ன திகதியில் தைத்துக் கொடுத்த சட்டைகள் எத்தனை, திருப்பிக் கொண்டுவந்த பொருள் எத்தனை, களஞ்சியத்தில் ஆறு மாதமாக அசையாத சரக்கு எவ்வளவு. ஊழியரே எண்ணி எழுதக்கூடியவை இவை. பிழையான இலக்கத்தைத் தேர்ந்தால் விளைவும் பிழையாகவே வரும். விற்பனைத் தொகைக்கு மட்டும் கொமிஷன் கொடுக்கும் கடையில் கல்யாணச் சேலை வாங்க வந்த குடும்பத்தைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள், மூன்று மீற்றர் துணிக்கு வந்த அம்மாவைப் பார்க்க ஆள் இருக்காது. நகைப் பட்டறையில் உருப்படிக் கணக்கில் கூலி கொடுத்தால் வேகம் கூடும், பற்றவைத்த இடம் பலவீனமாகும். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் அதிகமாகக் கிடைக்கும், மற்றவை குறையும். ஆகவே கொமிஷனில் ஒரு பகுதியைக் கடை முழுவதற்கும் பொதுவாகப் பகிர்வது நல்லது. களஞ்சியத்தில் இருப்பவரும் பொதி கட்டுபவரும் விற்பனையில் பங்காளிகள்தானே.

சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் துளியும் இல்லாத நிர்வாகி என்ன செய்யலாம் என்பதற்குக் கொழும்பிலேயே உலகம் பார்க்கவந்த உதாரணம் உண்டு. பொரளையில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை அரச நிறுவனம். ஊழியரின் சம்பளம், பதவி உயர்வு, ஆளணி எல்லாம் மேலிடத்தில் முடிவாகும். 2000ஆம் ஆண்டு அளவில் அங்கே பணிப்பாளராக வந்த வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் ஐந்து ‘எஸ்’ முறையைக் கொண்டுவந்தார். தேவையற்றதை அகற்றுவது, மீதியை அதனதன் இடத்தில் வைப்பது, துப்புரவு, ஒரே சீரான முறை, அதைப் பழக்கமாக்குவது என்பவைதான் அந்த ஐந்தும். ஒவ்வொரு பிரிவிலும் சிறு குழுக்கள் அமைந்தன. தாதியும் சிற்றூழியரும் ஒரே குழுவில் இருந்து, தங்கள் பிரிவில் எது தடையாக இருக்கிறது என்று பேசித் தாங்களே திருத்தினார்கள். ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜைக்கா இதை மாதிரியாக எடுத்து, 2007 முதல் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோனது.

துப்புரவான அலுமாரியால் மட்டும் இது நடக்கவில்லை. யாரும் கருத்துக் கேட்காத சிற்றூழியரிடம் கருத்துக் கேட்கப்பட்டது, அவர் சொன்னது அடுத்த வாரமே நடந்தது, நடந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஹெர்ஸ்பெர்க் சொன்ன நிறைவும் பொறுப்பும் இவைதான். 1933இல் தறிகாரரிடம் கேட்கப்படாத கேள்வி இங்கே கேட்கப்பட்டது. காலி வீதிக் கடைக்கு இதில் பெரிய செலவு இல்லை. மாதத்தில் ஒரு நாள், கடை திறக்கும் முன் அரை மணித்தியாலம் போதும். முதலாளி அதிகம் பேசாமல் இருக்கவேண்டும், சொல்லப்பட்டவற்றில் ஒன்றாவது அடுத்த கூட்டத்துக்கு முன் நடந்திருக்கவேண்டும். நடக்காவிட்டால் மூன்றாவது கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு முகாமையாளரின் தரம் முழுவதும் வெளிப்படும் நாள் தீபாவளிக்கு முந்திய நாள். ஆண்டின் பெரிய வியாபாரம் அன்று இரவுவரை நடக்கும். அதே இரவில் மலையகத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயாகவேண்டும், அம்மா காத்திருப்பார், தங்கைக்கு வாங்கிய சட்டை பையில் இருக்கும். இரவு பத்து மணிக்குக் கடையை மூடி, ‘சரி, போயிட்டு வாங்கோ’ என்று அனுப்பினால், பஸ்ஸில் இடமில்லாமல் நின்றபடி போய் விடியச் சேருவார்கள். சிலர் திரும்பி வரவே மாட்டார்கள், தைப்பொங்கலுக்கு முன் புது ஆள் தேடவேண்டி வரும். திறமான முகாமையாளர் ஒரு மாதத்துக்கு முன்பே பட்டியல் போடுவார். இந்த ஆண்டு முந்திய நாள் போவோர் யார், அடுத்த ஆண்டு யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நத்தாரைக் கொண்டாடும் கொட்டாஞ்சேனை ஊழியர் தீபாவளிக்கு நிற்பார், டிசம்பரில் மற்றவர்கள் அவருக்காக நிற்பார்கள். கடைசிவரை நிற்பவர்களுக்கு வான் ஒன்று பிடித்துக் கொடுப்பார், திரும்பிவர இரண்டு நாள் கூடுதலாக விடுவார். போனஸை முந்திய இரவில் நீட்டாமல், சாமான் வாங்க நேரம் இருக்கும்போது ஒரு கிழமை முன்பே கொடுப்பார். தொகை அதேதான். அதை வாங்குபவரின் மனம் வேறு.

கண்டிப்பதிலும் இந்த நுட்பம் வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் திட்டு வாங்கியவர் அந்தத் திட்டைத்தான் நினைவில் வைப்பார், பிழையை அல்ல. பிழையைத் தனியே, அன்றே, நடந்ததை மட்டும் பேசுவது போதும். பாராட்டை எல்லோர் முன்னும் சொல்லலாம். அதுவும் ‘நல்லாச் செய்யிறாய்’ என்று பொதுவாக நில்லாமல், எதைச் செய்தார் என்று குறித்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்கும் வழி தெரியும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் இவை எல்லாம் ஒருசேரச் சோதிக்கப்பட்டன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பழைய சம்பளம் பாதி மாதத்துக்கும் போதவில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். நெருக்கடிக் கொடுப்பனவு கொடுத்த நிறுவனங்கள் இருந்தன. எதுவும் கொடுக்க முடியாத நிலையில் வரவு செலவைத் திறந்து காட்டி, கூட்டித்தரக்கூடிய காலத்தைச் சொன்னவர்களும் மதிப்பை இழக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

போகிறவரை எப்படி அனுப்புவது என்பதும் முகாமைத்துவத்தில் சேர்ந்ததுதான். கட்டார் விசா வந்த ஊழியரின் கடைசி மாதச் சம்பளத்தை இழுத்தடிக்கும் கடையை, மாடி அறையில் மிச்சம் இருக்கும் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேமலாப நிதிப் படிவத்தில் கையொப்பம், சேவைச் சான்றிதழ், கணக்கு முடித்த சம்பளம் ஆகிய மூன்றையும் கேட்காமலே கொடுப்பது இருப்பவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் வேலை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதத் தொகை அது. ஆட்குறைப்பு நிறுவனத்தின் பக்கமிருந்து வருமானால், அதே 15 பேர் அளவுள்ள இடங்களில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியரின் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ கேட்கிறது. பிணக்கு முற்றினால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் தொழில் நியாய சபையும் இருக்கின்றன. அங்கே போய் நிற்கும் வழக்குகளில் கேட்கப்படுபவை பெரும்பாலும் முதல் நாளிலேயே எழுதிவைத்திருக்கவேண்டிய விடயங்கள்: என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணித்தியாலம், யாரிடம் முறையிடுவது.